எழுபத்தொரு வயதுப் பையன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டார்கள். "ஆயுள் கூடக்கூட வயதானவர்கள் தங்களை இளமையாக உணர்கிறார்களா? இரண்டு பக்கத்துக்கு மிகாமல்." நானும் 'மருத்துவ அறிவியலின் வியத்தகு வளர்ச்சியால்' என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் ஓட்டிவிட்டேன். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு பல்பு ஃபியூஸ் போனது. கட்டுரை கதையாகிவிட்டது.

நாளை காலை பத்து மணிக்குக் கொள்ளுத்தாத்தாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். அவருக்குத் தொண்ணூற்று நாலு வயது. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை.

2

கதை கொள்ளுத்தாத்தாவைப் பற்றியது இல்லை. அவருடைய மகனைப் பற்றியது. அதாவது என் தாத்தா, ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்.

முதல் ஆரம்பம்: "அந்த முதியவர் தள்ளாடியபடி மாடிப்படிகளில்..."

(பொய். தாத்தா இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் ஏறுவார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் லிஃப்டில் கால் வைக்கமாட்டார். "அதோட வண்டவாளம் எனக்குல்ல தெரியும்" என்பார்.)

இரண்டாவது ஆரம்பம்: "வாழ்க்கையின் அந்திப் பொழுதில்..."

(அந்தியாவது ஒன்றாவது. போன மாதம்தான் பழைய பைக் ஒன்று வாங்கி, தன் அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று அடுத்த தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறார்.*)

* அந்த அப்பா, அதாவது கொள்ளுத்தாத்தா, நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். "இவனுக்கு பிரேக்குன்னா என்னன்னே தெரியாது" என்று மகனைப் பற்றி இன்றைக்கும் சொல்லுவார். விஷயம் பேத்தி எனக்குத் தெரியும் என்பதால் வாரம் ஒரு ஐஸ்கிரீம் எனக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது ஆரம்பம், இதுதான் நிற்கிறது: "பையனுக்கு எழுபத்தொரு வயது."

3

பையன் ஹாலில் ஸ்டூல் போட்டு பல்பு மாற்ற ஏறினான்.

(தாத்தாவை 'ஏறினான்' என்று எழுதக் கை வரவில்லை. ஏறினார். பையன் ஏறினார். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

உள் அறையிலிருந்து பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டேய், எறங்கு. விழுந்து கிழுந்து வைக்கப்போற."

"ஒரு நிமிஷம்ப்பா. மாட்டினா முடிஞ்சுது."

"எறங்குன்னா எறங்குடா. நான் போடுறேன். நீ ஸ்டூலைப் புடி."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பையன் இறங்கிவிட்டார். இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் ஏறி, பல்பை மாட்டி, "பாத்தியா, இவ்ளோதான்" என்று ஜெயித்த முகத்தோடு திரும்பினார். திரும்பியதுதான் தப்பு.

பல்பு எரிந்தது. அதை எழுதாமல் விட்டால் கொள்ளுத்தாத்தா கோபித்துக்கொள்வார்.

4

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கையில் ஃபாரம்.

"ராத்திரி கூட யாரு தங்குறீங்க? பதினெட்டுக்கு மேல, அறுபத்தஞ்சுக்குள்ள இருக்கணும்."

"நான்தாம்மா, அவரோட பையன்."

"வயசு?"

"அறுபத்துநாலு" என்றார் தாத்தா, கண் இமைக்காமல்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. "பொய் சொல்றான்மா! எழுபத்தொண்ணு. பெத்தவன் சொல்றேன், எழுதிக்கோ."

"அப்பா, வலிக்குதுன்னீங்களே, பேசாம படுங்களேன்."

"வலி இடுப்புல. வாய்க்கு என்ன கேடு?"

நர்ஸ் ஃபாரத்தால் வாயை மூடிக்கொண்டாள். "வீட்ல வேற பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"இவரைவிடப் பெரியவங்களுக்கு நான் எங்கம்மா போவேன்?"

அம்மா தங்கினாள். எனக்கு வயது பத்தாது, தாத்தாவுக்கு வயது ஜாஸ்தி. இரண்டு பேரையும் சேர்த்து வீட்டுக்குத் துரத்தினார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் என் கட்டுரைக் கேள்வியை ஸ்ட்ரெச்சரில் இருந்தவரிடமே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு எத்தனை வயசு மாதிரி இருக்கு?"

"முட்டிக்குத் தொண்ணூத்தி நாலு, நாக்குக்கு இருவது" என்றார் கொள்ளுத்தாத்தா.

5

இந்த இடத்தில் 'பையன் தேம்பித் தேம்பி அழுதார்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. நடந்தது வேறு.

பஸ்ஸில் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தான். வழக்கமாகத் தாத்தா முறைத்து, "நீ உக்காருப்பா, களைச்சுப் போய் இருக்க" என்று அவனைத் திருப்பி உட்காரவைப்பார். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஸ்டூல்லேருந்து எறங்கியிருக்கக் கூடாதுல்ல?" என்றார்.

"அவரு சொன்னா நீங்க என்ன தாத்தா பண்ணுவீங்க?"

"அதான். எறங்குன்னு என்னை அதட்ட இன்னும் ஒரு ஆளு இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவர் போயிட்டா என்னை 'டேய்'னு யாரும்மா கூப்பிடுவா? அப்புறம் நான் வெறும் தாத்தாதான்."

என் முக்கால் பக்கக் கட்டுரையை அங்கேயே மனசில் கிழித்துப் போட்டேன். ஒருவர் தொண்ணூற்று நாலு வரை இருந்துவிட்டதால், இன்னொருவர் எழுபத்தொன்றில் திட்டு வாங்கிக்கொண்டு, ஒளிந்து ஒளிந்து வண்டி ஓட்டிக்கொண்டு இருக்கிறார். ஆயுள் நீண்டது ஒருத்தருக்கு. இளமை கிடைத்தது பக்கத்திலிருந்தவருக்கு. (இதற்கு மார்க் போடுவார்களா, தெரியவில்லை.)

நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு என்ன பயம் என்று இப்போது உங்களுக்குப் புரியும். போனால் ஒருத்தர் மட்டும் போகமாட்டார், பையனும் சேர்ந்து போய்விடுவார்.

6

முடிவு ஒன்று: கொள்ளுத்தாத்தா கண் திறக்கிறார். "டேய், சாப்பிட்டியா?" என்கிறார்.

(சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் எனக்கு இதுதான் வேண்டும்.)

முடிவு இரண்டு: டாக்டர் வெளியே வருகிறார். மாஸ்க்கைக் கழற்றுகிறார். தாத்தாவைப் பார்த்து

(மாட்டேன்.)

முடிவு மூன்று: ஆபரேஷன் தள்ளிப்போகிறது. இன்னும் ஒரு வாரம் இரண்டு பேரும் வார்டில் சண்டை போடுகிறார்கள்.

(இது முடிவு இல்லை. சாக்கு.)

நான்காவதை யோசிக்கும்போது தாத்தா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னும் தூங்கலையா? என்னத்தக் கிறுக்குற?"

"கட்டுரை. தாத்தா, உங்களுக்கு எத்தனை வயசு மாதிரி இருக்கு?"

"எப்ப குடுக்கணும்?"

"நாளன்னைக்கு."

"அப்போ நாளைக்கு மத்தியானம் கேளு. சொல்றேன்."

விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் கதையின் கடைசி வரி இப்படித்தான் நிற்கிறது:

"எனக்கு ______ வயசு மாதிரி இருக்கும்மா" என்றார் பையன்.

எண்ணை நீங்கள் போடுங்கள். நான் தூங்க முயற்சி செய்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கையை இறுக்கிப் பிடிக்காமல், கொஞ்சம் தாராளமாகவே குறைத்துப் போடுங்கள்.