கொட்டகைக்கு ஒரு ஜன்னல்

சூடான தகட்டின் மேல் காற்று எப்படிப் போகிறது என்று ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். காற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது, என் ஆராய்ச்சிதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாமக்கல் பக்கம் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் இதையே பாடமாகவும் நடத்துகிறேன். ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் என் மனைவி சத்யபிரியா முறுக்கு சுடுகிறாள். குடும்பம் ஓடுவது அந்த முறுக்கில்தான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே அவள் கண் இருட்டிச் சாய்ந்தாள். நல்லவேளை, கை சட்டியில் விழவில்லை. அவள் டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தாள். அடுப்புத் தீ அலைகிறது என்று நானே ஃபேனை நிறுத்தினேன். சரி, தகரத்தில் ஒரு ஜன்னலாவது வெட்டலாம் என்றாள். கணக்குப் பார்க்காமல் வெட்டுவதற்கு நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் விட்டது அவளுடைய பெருந்தன்மை.

ஜன்னல் எங்கே வேண்டும் என்று கணக்குப் போட, கொட்டகையை அளந்து லேப்டாப்புக்குள் அப்படியே கட்டினேன். அடுப்பு, சட்டி, கூரை, எண்ணெயின் சூடு, முறுக்கு அடுக்கும் தட்டு எதையும் விடவில்லை. கணக்கு ஓட ஓட லேப்டாப் கொதித்தது. பாவம், அதற்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று படுக்கையறையில் ஏசியைப் போட்டு, போர்வையும் போர்த்திக்கொண்டு பக்கத்தில் காவல் இருந்தேன். சத்யா அவ்வப்போது வந்து ஜன்னல் என்னவாயிற்று என்று கேட்பாள். கதவைச் சாத்தச் சொல்வேன், குளிர் வெளியே போய்விடுமே. சித்திரை இப்படியே கழிந்தது.

ஒருவழியாக, சூடு சிவப்பும் குளிர்ச்சி நீலமுமாக ஒரு படத்தில் முடிவு வந்தது. லேப்டாப்போடு கொட்டகைக்கு ஓடினேன். சட்டியின் சூடு மேலே ஏறி எப்படி வெளியே போகும் என்று வகுப்பே எடுத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இதுல நான் எங்கீங்க நிக்கறேன்?"

காட்டுவதற்கு விரலை நீட்டினேன். அடுப்பு இருந்தது. சட்டி இருந்தது. தட்டுகூட இருந்தது. சட்டிக்கு முன்னால் காற்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் அங்கே ஆளே இல்லை. ஆளைப் போட மறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. அவளையும் சேர்த்து இன்னொரு தடவை ஓட்டிவிடுகிறேன், ஒரு வாரம் போதும் என்றது.

சத்யா மூலையில் கிடந்த, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். பங்குனியிலேயே வாங்கி வைத்திருக்கிறாள். எங்கே வெட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அதுவரை கேட்டதில்லை.

அவள் சட்டிக்கு முன்னால் போய் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"எம்பட மூஞ்சிக்கு நேரா வெட்டுங்க."