நார்மல் ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டும். யாராவது ஏமாந்தவர் கையை நீட்ட வேண்டும். தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த தம்பி மாட்டினான். உட்கார வைத்து ஊசியைக் குத்தினேன்.

"இனிமே எல்லா நோயாளிக்கும் நான்தான் அளவு, தெரிஞ்சுக்கோ" என்று பீற்றிக்கொண்டான்.

நாங்கள் துரத்துவது ஒரு புரதத்தை. மூளையின் ஆழத்தில், கைகால் அசைவை அடக்கி வைக்கும் சின்ன இடத்தில்தான் அது குவிந்து கிடக்கும். செல்லுக்குள் சேதி கடத்துவது அதன் வேலை. பரம்பரையாக வரும் கோளாறுப் புரதம் ஒன்று உடம்பெங்கும் சும்மா சுற்றும். நாங்கள் துரத்தும் புரதத்தோடு கூட்டுச் சேர்ந்தால் மட்டும் மூளையின் அந்த இடத்தைத் தீர்த்துக்கட்டிவிடும். நாற்பது வயதுவாக்கில் நடை தள்ளாடும், விரல்கள் துள்ளும், பிறகு புத்தி போகும், ஆளும் போவான். மருந்து கிடையாது.

தம்பியின் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருந்தது. மூன்று முறை பார்த்தேன்.

அப்பாவும் அப்படித்தானே தள்ளாடி வருவார்! "ஒரு சொட்டு தொட்டதில்லடி" என்று அழுவார். "குடிகாரனுக்குப் பொய் வேற" என்பாள் அம்மா. ஒரு ராத்திரி அவர் உள்ளே வராதபடி தாழ்ப்பாள் போட்டது நான். வெளியே படிக்கட்டில் விழுந்து செத்தார்.

என் ரத்தத்தையும் பார்த்தேன். எனக்கு இல்லை. அய்யோ, எவ்வளவு சந்தோஷம்! வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் தம்பி ஞாபகமே வந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

கல்யாணத்துக்குள் அவனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளும் வந்திருந்தாள்.

"தனியா வாடா, பேசணும்."

"இரு அக்கா, இவளுக்கு அப்பா நடையைக் காட்டிட்டு வரேன்."

சின்ன வயதிலிருந்தே அவன் காட்டும் வித்தை அது. கால் பின்ன, தோள் குலுங்க, விரல் துள்ள நடந்தான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"எப்படிக்கா? அச்சு அசல் அப்பாவா?"

"அச்சு அசல்டா."

"என்னமோ பேசணும்னியே?"

அம்மாவைப் பார்த்தேன். சொன்னால் அப்பா குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் கதையும் வரும்.

"ஒண்ணுமில்ல. உன் ரத்தம் நார்மல், அதைத்தான் சொல்ல வந்தேன்."

"கேட்டியா?" என்று அவளிடம் மார்தட்டினான்.

"கேட்டேன், கேட்டேன். இன்னொரு தடவை நடந்து காட்டுங்க" என்றாள் அவள்.

நடந்தான். நானும் சிரித்தேன்.