தொனாத்தா தேர்ந்தெடுத்த அடுப்பு

ஒரோன்சோ இடப்பக்கக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். அது அசைவேனா என்றது. நேற்றுக் காலை மனைவி தொனாத்தா கண்ணை மூடியதும் அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டது அவருடைய அக்கா அசுந்தா. சாவு விழுந்த வீட்டில் இரட்டைக் கதவில் ஒன்று மூடியிருக்க வேண்டும். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் இரண்டும் திறக்கும். அதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

ஆனால் தெருவில் லாரி வந்து நின்றுவிட்டது. லாரிக்குள் மரச்சட்டம் அடித்த அடுப்பு, தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். ஒற்றைக் கதவு வழியாக அது உள்ளே வராது.

"தம்பி, புத்தி கித்தி பிசகிப் போச்சா உனக்கு?" என்றாள் அசுந்தா. கையில் ஜெபமாலை அப்படியே நின்றது. "தொனாத்தா இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கா."

"இருக்கட்டும். அவ சொல்லி வந்த சாமான். பாத்துட்டுப் போகட்டும்."

முன்னறையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கிய சால்வத்தோரே சுவரில் ஒட்டியிருந்த சாவு அறிவிப்பைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அடுப்பைக் கொண்டுவருவதும் அவன்தான், பொருத்துவதும் அவன்தான்.

"ஐயா, எனக்குத் தெரியாது. நான் அடுத்த வாரம் வரேன்," என்றான்.

"அதுதான் சரி," என்றான் ரொக்கோ. மிலானிலிருந்து முந்தாநாள் இரவு வந்து சேர்ந்த ஒரே மகன். அப்பாவின் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனான். "அடுத்த வாரமும் வேண்டாம்ப்பா. சட்டத்தைப் பிரிக்காம இருந்தா கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான். நான் கேட்டுட்டேன். பொருத்திட்டா முடியாது. ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட ரயில் ஏறப் போறீங்க. வித்துடப்போற வீட்டுக்கு எதுக்கு இந்த ராட்சசன்?"

"விக்கறதுன்னு யாரு முடிவு பண்ணது?"

"அப்பா, உங்களுக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது."

அது உண்மைதான். ஒரோன்சோவுக்குச் சுள்ளென்று கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டினார். நாற்பத்தாறு வருஷம் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இந்த அடுப்பு வேண்டாம் என்று வீட்டிலேயே அதிகம் கத்தியவர் அவர்தான். பழைய அடுப்பில் நாலில் இரண்டு எரியும், அதுவும் தீக்குச்சி கிழித்தால். போதாதா? டாக்டர் கணக்காக ஆறு மாதம் என்று சொன்ன மறுவாரம் தொனாத்தா கொத்தனாரை வரவழைத்தாள். படுக்கையில் இருந்துகொண்டே சமையலறையை இடிக்கச் சொன்னாள், ஓடு பதிக்கச் சொன்னாள், நடுவில் அடுப்புக்கு இடம் விடச் சொன்னாள். பழைய அடுப்பைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டாள். பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று அசுந்தா ஊரெல்லாம் சொன்னாள். சாகப் போகிறவள் பாதிரியாரைக் கூப்பிடுவாளா, கொத்தனாரைக் கூப்பிடுவாளா?

லெச்சே நகரத்துக் கடைக்கு அடுப்பு வாங்கப் போன அன்று பட்ட வெட்கத்தை ஒரோன்சோ மறக்கவில்லை. மூச்சு வாங்கியதால் கடைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டார். ஆறு பர்னர், இரட்டை ஓவன், பித்தளைத் திருகு, எனாமல் பூச்சு என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்தார். தொனாத்தா எதையும் காதில் வாங்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு ஆளுக்கான அலுமினியக் காபிப் பாத்திரத்தை எடுத்து ஒவ்வொரு அடுப்பின் மேலும் வைத்துப் பார்த்தாள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. கம்பிகளுக்கு நடுவில் சாய்ந்தது, இல்லாவிட்டால் விழுந்தது.

"இது சாயுது. அடுத்தது காட்டுங்க."

"அம்மா, இது ஓட்டல்காரங்க வாங்கற அடுப்பு," என்றார் கடைக்காரர்.

"அப்ப ஓட்டல்காரங்களுக்கே குடுங்க. என் பாத்திரம் நிக்க மாட்டேங்குதே."

ஒரோன்சோ அவள் காதில் சீறினார். "வீட்ல பெரிய பாத்திரம் இருக்கில்ல? நாம ரெண்டு பேரும் குடிக்கறது அதுலதானே? இந்தச் சுண்டைக்காயை யாருக்குன்னு தூக்கிட்டு வந்த? மானம் போகுது."

"நீ போய் வெளியில நில்லு," என்றாள் அவள்.

அவர் வெளியில் போய் நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் சிரித்த முகமாக வந்தாள். அடர் சிவப்பு, நாற்பது நாளில் வரும் என்றாள். சரியாக நாற்பதாம் நாள்தான் வந்தது. அவளால்தான் இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

தாழ்ப்பாள் கடைசியில் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரோன்சோ கதவைச் சுவரோடு அடித்துத் திறந்தார்.

"கொண்டா உள்ள."

சமையலறைக்கு முன்னறையைத் தவிர வேறு வழி கிடையாது. சால்வத்தோரேயும் அவன் கூட்டாளியும் அடுப்பைச் சக்கரப் பலகையில் ஏற்றி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை மிச்சத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரோன்சோ பெட்டியின் பக்கம் நின்று, எங்கேயும் இடிக்காமல் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுபோல் கை காட்டினார். தொனாத்தாவின் முகத்தை அப்போது அவரால் பார்க்க முடியவில்லை. பலகையின் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருத்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ரொக்கோ போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

"எரிய வச்சுப் பாத்தாத்தான் நான் உத்தரவாதச் சீட்டுல கையெழுத்துப் போட முடியும்," என்றான் சால்வத்தோரே.

அசுந்தா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "மூணு நாளைக்கு இந்த வீட்ல தீ மூட்டக்கூடாது. எதிர் வீட்டுக்காரி சூப் வச்சிட்டா. காபி பிளாஸ்க்ல வந்தாச்சு. நீ அடுப்பு பத்தவச்சா ஊர் என்ன பேசும்? பொண்டாட்டி பொணம் கிடக்கும்போதே வயித்தைக் கவனிச்சான்னு பேசும்."

"பேசட்டும் அக்கா. அவளைப் பைத்தியம்னு பேசின வாய்தானே. என்னையும் பேசட்டும்."

அசுந்தா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வாசலை விட்டு விலகினாள்.

"நீங்களே பத்தவைங்க ஐயா," என்றான் சால்வத்தோரே. "அழுத்தித் திருகுங்க. உடனே விட்டுடாதீங்க, பத்து எண்ணுங்க. தீ அணைஞ்சா கேஸ் தானா நின்னுடும். அது எல்லா பர்னருக்கும் கட்டாயம் இருக்கணும்னு அம்மா கடையில ரெண்டு தடவை கேட்டாங்க. அப்ப நீங்க வெளியில நின்னீங்க, நான் உள்ள இருந்தேன்."

"எதுக்காம்?"

"வீட்ல ஒரு மறதிக்காரர் இருக்கார்னு சொன்னாங்க."

ஒரோன்சோ திருகை அழுத்தினார். பத்து எண்ணினார். நீலத் தீ வட்டமாக எழுந்தது. ஒவ்வொன்றாக ஐந்தையும் பற்றவைத்து அணைத்தார். கடைசியாக வலது ஓரத்தில் இருந்தது, எல்லாவற்றிலும் சின்னது. அதன் மேல் கம்பிகள் மட்டும் நெருக்கமாக இருந்தன.

அவர் அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்தார். அதை அன்றைக்கு மாட்டியது தொனாத்தா, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. உள்ளே கைவிட்டுச் சின்னப் பாத்திரத்தை எடுத்தார். அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றினார், நடுவில் தூளைப் போட்டார், பாதி கீழே சிந்தியது. திருகி மூடினார், சின்ன பர்னரைப் பற்றவைத்து அதன் மேல் வைத்தார்.

நேராக நின்றது.

வீட்டில் தனியாக மிஞ்சப்போகும் ஒரே ஆள் குடிக்கும் காபிக்கு என்று அவள் ஊர் சிரிக்க அடுப்பு அடுப்பாக வைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியில் நின்றிருக்கிறார். ஒரோன்சோ அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்னறையில் மறுபடி ஜெபம் நடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

பாத்திரம் கொதித்துக் கரகரவென்று சத்தம் போட்டபோது ரொக்கோ வாசலில் வந்து நின்றிருந்தான். எரியும் தீயைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான். அது ஒரு ஆளுக்கு மட்டும் காபி போடும் பாத்திரம் என்று அவனுக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ரயில்..." என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"என் டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடு," என்றார் ஒரோன்சோ. "நீ ஊருக்குப் போறதுக்குள்ள முட்டை எத்தனை நிமிஷம்னு எழுதி வச்சுட்டுப் போ."

தீயை அணைத்தார். காபியைக் கோப்பையில் ஊற்றிச் சர்க்கரை டப்பாவைத் திறந்தவர், கரண்டியோடு அப்படியே நின்றார். முன்னறைப் பக்கம் திரும்பி, எத்தனை கரண்டி என்று தொனாத்தாவைக் கேட்க வாயெடுத்தார். பிறகு ஒரு கரண்டி போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

கசந்தது. இன்னும் அரைக் கரண்டி போட்டுக்கொண்டார்.