மூன்றாவது விசில்

பூதத்தான் மீசையின் ஒரு நுனியில் ஈ உட்கார்ந்தால், மறு நுனிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் நடுவில் ஒரு இடத்தில் நின்று இளைப்பாறும். நானே பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் இரண்டு தடவை இளைப்பாறும்.

1966-ல் அவன் தாராவியில் கார் மெக்கானிக். நான் பக்கத்துத் தோல் பட்டறையில் தையல் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் எடுக்கும் சுடலைமாடன் கொடைத் திருவிழாவில் அவன்தான் சாமியாடி. ஆகவே அந்த மீசை அவனுடையது என்று சொல்லிவிட முடியாது. சாமியின் மீசை, மற்ற நாட்களில் அவன் பத்திரமாக வைத்திருந்தான், அவ்வளவுதான்.

கொடைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அதைத்தான் பந்தயம் வைத்தான்.

மாதுங்கா மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த நம்பிராஜன் அண்ணாச்சி, நிறம் பிடித்துப்போய் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டு சீட்டு, நாலு சிலிண்டர். கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் மேல் பிழையில்லை, காருக்கு வயதாகியிருந்தது. கிங் சர்க்கிளிலிருந்து சயான் போவதற்குள் தபால்காரரின் சைக்கிள் அதை முந்தும். கடை வாசலில் பூதத்தான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முகம்மது ஹனீப் வந்து சேர்ந்தார். வடாலாவில் பட்டறை. மேலப்பாளையத்துக்காரர். ஓட்டுவது ஆறு சிலிண்டர் கார்.

"என்ன வேய், அண்ணாச்சி காடிக்கு தமாவா? இழுப்புச் சத்தம் மாஹிம் வரைக்கும் கேக்கு."

"அது தானா மூச்சு விடுத எஞ்சின் வே. விடுத மூச்சுக்குத் தகுந்த ஓட்டம். நான் வெளிய இருந்து காத்தை ஊதி உள்ள தள்ளுனேன்னா உம்ம ஆறு சிலிண்டரும் பின்னால நின்னு தூசி திங்கும்."

"ஊதப் போறீரா? கார் என்ன பலூனா?"

"ஞாயித்துக்கிழம கிங் சர்க்கிள்ல இருந்து செம்பூர் நாக்கா முக்கு வரைக்கும். வாரீரா?"

"வாரேன். தோத்தா?"

பூதத்தான் மீசையைத் தொட்டான். "எடுத்துருதேன்."

கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஹனீப் அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி. நான் தோத்தா கொடைக்கு மூணு நாளும் என் ஜெனரேட்டர். லைட்டு, மைக் செட்டு எல்லாம் ஃபுக்கட்ல, துட்டே வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பூதத்தான் மனைவி பார்வதியம்மாள் ஒரு கேள்விதான் கேட்டாள். "மீசை இல்லாம நின்னா சாமி வருமா? வந்து எட்டிப் பாத்துட்டு, அட்ரஸ் மாறிட்டுன்னு திரும்பிப் போயிரும்."

மறுநாள் காலையிலேயே பூதத்தான் என்னை இழுத்துக்கொண்டு பழைய கப்பல் உடைக்கும் தாருகானாவுக்குப் போனான். அங்கே உடைத்துப்போட்ட டீசல் படகு ஒன்றிலிருந்து பூசணிக்காய் அளவில் ஒரு இரும்புச் சாமானைக் கழற்றினான். விலை கேட்ட கடைக்காரருக்குக் காசுக்குப் பதிலாக அவருடைய லாரி பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தான். டர்போசார்ஜர் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஊதல் என்றுதான் சொன்னோம். எஞ்சின் விடும் புகை ஒரு விசிறியைச் சுற்றும். அதே தண்டில் மறுபக்கம் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். எஞ்சின் தன் புகையிலேயே தனக்கு ஊதிக்கொள்கிறது. இதில் பொய் எதுவுமில்லை. இனிமேல் சொல்வதிலும் இல்லை.

திணிக்கும் காற்றைத் தாங்க நல்ல ரப்பர் குழாய் வேண்டும். அது எங்கள் கைக்கு எட்டுகிற சாமான் இல்லை. எருமைத் தோலில் இருபதடிக் குழாய் இரட்டைத் தையல் போட்டு நான் தைத்தேன். அழுத்திய காற்று சூடாகிறது, குளிரவைக்க வேண்டும் என்றான். கும்பார்வாடாவில் ஒரு மண்பானை வாங்கி, காரின் பின்னால் பெட்டி வைக்கும் கம்பியில் கட்டி, தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு செம்புக்குழாயைச் சுருட்டிவைத்தோம். தோல்குழாய் முன்னாலிருந்து வந்து பானையில் குளித்துவிட்டு மறுபடி முன்னால் போகும்.

கடைசியில் கார்புரேட்டர் சண்டித்தனம் செய்தது. வெளியிலிருந்து ஊதினால் பெட்ரோல் நாலு பக்கமும் பீய்ச்சியது. அதை அப்படியே காற்றுப் புகாத ஒரு பாத்திரத்துக்குள் வைத்து மூடவேண்டும், காற்று மிஞ்சினால் தானே திறந்து விடவும் வேண்டும் என்று பூதத்தான் மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் அடுக்களையில் சோறு வெந்துகொண்டிருந்தது. விசில் அடித்தது. அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"தொட்டா கையை ஒடிப்பேன்," என்றாள் பார்வதியம்மாள். அந்தக் குக்கர் அவள் தம்பி கொடுத்தது. எங்கள் சந்தில் முதல் குக்கர். அரிசிக்கு மூணு விசில், பருப்புக்கு நாலு என்று சந்து முழுக்க அவளிடம் பாடம் கேட்டிருந்தார்கள்.

"மீசை, பார்வதி," என்றான் அவன்.

அவள் வெகுநேரம் அந்த மீசையைப் பார்த்தாள். "தாரேன். ஆனா குக்கர் போற எடத்துக்கு நானும் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிங் சர்க்கிளில் இரண்டு கார்களும் நின்றன. எங்கள் காருக்குப் பானெட் கிடையாது. எஞ்சின் மேல் குக்கர், குக்கர் மேல் வெயிட்டு. பூதத்தான் ஸ்டியரிங்கில், பக்கத்து சீட்டில் பார்வதியம்மாள், சாவி இருவருக்கும் நடுவில். பானைக்குத் தண்ணீர் ஊற்ற நான் பின்னால் கம்பியில், கையில் பக்கெட். நம்பிராஜன் அண்ணாச்சி முடிவைப் பார்க்கச் செம்பூர் நாக்காவுக்கு முன்பே போய்விட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்று நாவிதரையும் கூட்டிப் போயிருந்தார்.

ஹனீப் அண்ணன் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, நாஷ்தா ஆச்சா? இல்ல வழியிலதானா?"

"செம்பூர்ல பரிமாறுதேன், வாங்க," என்றாள் அவள்.

கைக்குட்டை விழுந்தது. முதல் பர்லாங்கு எங்கள் கார் வழக்கம்போலத்தான் இருமிக்கொண்டு போனது. ஹனீப் அண்ணன் கையாட்டிவிட்டு மறைந்தார். பிறகு ஊதல் வேகம் பிடித்தது. தோல்குழாய் விறைத்து உருண்டு, ஒருமுறை எருமைபோலவே கத்தியது. எருமைத் தோல் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. சயான் தபேலாவில், அதாவது மாட்டுக்கொட்டகையில், நின்ற நாற்பது எருமைகளும் தலைதூக்கிப் பதில் சொன்னதுதான் கொஞ்சம் அதிகம்.

அதற்கு முன்னாலேயே, மாதுங்காவைத் தாண்டும்போது, முதல் விசில் அடித்தது. அந்த விசிலைத் தங்கள் குக்கர் என்று நினைத்து மாதுங்காவில் பதினோரு வீட்டில் ஸ்டவ்வைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்களாம். அன்று மத்தியானம் அந்தப் பக்கம் யாரும் யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

சயான் தாண்டி இரண்டாவது விசில். என் வேட்டி எனக்கு முன்னால் போய்விடும்போலிருந்தது. ஊற்றிய தண்ணீர் பானையில் விழவில்லை, பின்னால் வந்த பஸ் கண்டக்டர் மேல் விழுந்தது. உப்பளங்கள் பக்கம் ஹனீப் அண்ணனின் காரைப் பிடித்தோம். பிடித்தோம் என்ன, தாண்டினோம். அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். அது எங்களுக்கு மறுநாள்தான் கேட்டது.

செம்பூர் நாக்கா தெரிந்தது. மரத்தடியில் நாவிதர் சோப்பு நுரையோடு நின்றார். இன்னும் நூறடி. பூதத்தானின் மீசை காற்றில் இரண்டு பக்கமும் கொடிபோலப் பறந்தது.

மூன்றாவது விசில் அடித்தது.

பார்வதியம்மாள் கை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தாள்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசித்தா அடுப்பை அணைப்பார்கள்? ஊதல் அடங்கியது. தோல்குழாய் பெருமூச்சு விட்டுச் சுருங்கியது. நாக்காவுக்கு இருபதடி முன்னால் கார் நின்றேவிட்டது.

"ஏளா, என்ன செஞ்ச?"

"மூணு விசில் வந்துட்டுல்லா!" என்றவள், சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

ஹனீப் அண்ணன் எங்களைத் தாண்டிப் போய், நாக்காவில் நின்று, இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டார். பூதத்தான் இறங்கி நடந்து போய் மரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்தான். பேச்சு என்றால் பேச்சு. நாவிதர் துண்டைப் போர்த்தினார்.

"இருங்க," என்றாள் பார்வதியம்மாள். குக்கர் வெயிட்டை முந்தானையில் முடிந்துகொண்டே வந்தாள். "ஹனீப் அண்ணே, நியாயமாச் சொல்லுங்க. வண்டி ஓட்டுனவரு தோத்தாரா, நிறுத்துனவ தோத்தாளா?"

"நிறுத்துனது நீதான் தங்கச்சி."

"அவரு நிறுத்துனாரா?"

"இல்ல. அவரு ஜெயிச்சுட்டுல்ல இருந்தாரு."

"அப்ப தோத்தது நான். எடுங்க என் மீசைய."

கணவனை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். நாவிதர் தொழில் தெரிந்தவர். குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துக் கையை விரித்தார். "குச் நஹீ ஹை, சேட்."

நம்பிராஜன் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "தோத்தவ மீசை எடுத்தாச்சு. அதாவது, எடுக்க ஒண்ணுமில்லன்னு ஆச்சு. பந்தயம் முடிஞ்சுது."

ஹனீப் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி விழுந்தது. "சல், போகட்டும், ஜெனரேட்டரும் அனுப்புதேன் வேய். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்துன மீசைய இருட்டுலயா பாக்கது?"

கரைத்த சோப்பு வீணாகக் கூடாது என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அன்றைக்கு எனக்கும் சுமாராக ஒரு மீசை இருந்தது. அதைப் பற்றி யாரும் பஞ்சாயத்து பேசவில்லை.

கொடை அந்த வருஷம் ஜோராக நடந்தது. மத்தியானப் பூசைக்கு மேளம் உச்சத்தில் ஏறியபோது பூதத்தான் மீசை சிலிர்த்தது, சாமி வந்துவிட்டது. அட்ரஸ் மாறவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். சாமி குதித்தது. இரண்டாவது குலவை. சாமி பந்தல்காலைப் பிடித்து ஆட்டியது. மூன்றாவது குலவை முடிந்தது. கூட்டத்தில் நின்ற பார்வதியம்மாள் சும்மாதான் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

சாமி சட்டென்று அடங்கி உட்கார்ந்துவிட்டது.