பெல் வராத அறை

பெர்னதெத் தன் தொடர்கதையின் இரண்டாம் பாகத்தை எழுதத் தொடங்கிய வாரம், ஜீவனஹள்ளியில் அவள் இருந்த மாடிவீட்டில் அவளுடைய அறை மட்டும் ஒரு சாண் கீழே இறங்கியது. ஹாலிலிருந்து அந்த அறைக்குள் கால் வைத்த அவள் அம்மா லூர்துமேரி, தரை இருக்கும் என்று நம்பி மிதித்து, கையிலிருந்த காபியைக் கட்டில்மேல் கொட்டினாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் இறங்கிப் போய்த் தன் வீட்டு சீலிங்கை அண்ணாந்து பார்த்தார், துடைப்பக்கட்டையால் தட்டினார், ஃபேனைப் போட்டு அணைத்தார். "நம்ம மனேல, கீழ்வீட்ல, ஒண்ணுமே எறங்கல ஸ்வாமி. மேல நீங்கதான் என்னமோ பண்ணிட்டிருக்கீங்க," என்றார். மாடியில் இறங்கிய அறை கீழ்வீட்டில் எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பார்க்க வந்த என்ஜினியர் ஒருவர் பக்கத்து அபார்ட்மென்டின் போர்வெல்லைத் திட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த அத்தியாயம் முடிந்தபோது அறை இடுப்பளவு இறங்கியிருந்தது, லூர்துமேரி ஒரு ஸ்டூலைப் போட்டுப் படியாக்கிக்கொண்டாள்.

இறங்குவதும் ஏறுவதும் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. பெர்னதெத்தின் அப்பா யேசுதாஸ் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அந்தக் கேஜின் வடத்தைச் சுற்றும் பெரிய இன்ஜினுக்கு முன்னால், மேலே, வெளிச்சத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. எத்தனையோ ஆயிரம் பேரை அனுப்பினாரே தவிர, தான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவருக்கு ஒரே ஒரு சட்டம். கீழேயிருந்து பெல் வந்தால்தான் கேஜைத் தூக்க வேண்டும். பெல் வராமல் தூக்கினால், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்கிறவன் இரண்டாகப் போவான். அப்படி ஒருவன்கூடத் தன் கையால் சாகவில்லை என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. சுரங்கத்தை மூடி, பெங்களூருக்கு வந்து, காக்ஸ் டவுனில் வாட்ச்மேனாகக் காலம் தள்ளி, முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அந்தச் சட்டத்தை மட்டும் அவர் கழற்றி வைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் யாராவது சத்தம் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்.

பெர்னதெத்தைக் கட்டிக்கொண்ட கிறிஸ்டோபர் பார்க்க லட்சணமானவன், பூசைக்கு முதல் வரிசையில் நிற்பவன், அவள் மேல் உயிரையே வைத்திருந்தான் என்று ஊரே சொன்னது. அந்த உயிரை வைத்தவன் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனான். முதலில் காலம் கெட்டுக் கிடக்கிறது என்றான், பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டான். போனைப் பிடுங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் பேசவைத்தான். "நல்லாருக்கேன் டாடி," என்பாள். குரல் சரியில்லை என்று லூர்துமேரி வாரம் தவறாமல் நச்சரித்தாள். யேசுதாஸ் அசையவில்லை. "அவளா சொல்லட்டும்டி. கீழ இருந்து பெல்லு வராம நாம தூக்குனா பொண்ணு வாழ்க்கை ரெண்டா பூடும்," என்றார். அந்தக் குடும்பத்துக் கலாட்டா எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து அடங்கும். கடைசியில் பெர்னதெத்தை வெளியே கொண்டுவந்தது மனிதர் யாருமில்லை, ஒழுகிய குழாய்தான். கிறிஸ்டோபரின் குளியலறைத் தண்ணீர் கீழ் ஃப்ளாட்டுக்காரன் டி.வி. மேல் சொட்டியது, பிளம்பர் பூட்டை உடைத்தான், அவள் நைட்டியோடு நடந்தே ஜீவனஹள்ளி வந்து சேர்ந்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் துபாய்க்குப் போய்விட்டான், அங்கேயும் முதல் வரிசையில்தான் நிற்பானாக இருக்கும், பாவி.

அதன் பிறகுதான் அவள் போனில் கதை எழுத ஆரம்பித்தாள். தொடர்கதை போடும் ஒரு ஆப்பில், மூன்று பாகமாக, இருட்டுக் காதல் கதை. அந்த வகைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு: முதல் பாகத்தில் அவன் மயக்குவான், இரண்டாம் பாகத்தில் வதைப்பான், மூன்றாம் பாகத்தில் அழுது திருந்துவான், அவள் மன்னிப்பாள். முதல் பாகத்தில் அவள் கதாநாயகனை அப்படி ஒரு அழகனாக எழுதினாள். தான் ஏன் அவனைக் கட்டிக்கொண்டோம் என்பதற்கு அவளுக்கே ஒரு காரணம் தேவைப்பட்டது. தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ரயிலில், லேடீஸ் பெட்டியில், ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் செய்யும், பெர்னதெத்தின் பழைய பக்கத்து வீட்டுக்காரி அல்போன்சா அதைச் சத்தமாகப் படிப்பாள். பூ கட்டுகிறவள், இட்லி தின்கிறவள், நின்றுகொண்டே தூங்குகிறவள் எல்லாரும் கேட்பார்கள். இரண்டாம் பாகம் தொடங்கியது, நாயகி ஜன்னலில்லாத அறையில் அடைபட்டாள். பங்காருபேட்டை தாண்டியதும் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் காது அடைத்துக்கொண்டது. சுரங்கத்தில் கேஜில் வேகமாக இறங்கும்போது அவர்கள் அப்பன்மாருக்கு அடைத்த அதே அடைப்பு. எச்சில் விழுங்கியும் திறக்கவில்லை. கன்டோன்மென்டில் இறங்கி வேலைக்குப் போனபிறகும் மேஸ்திரி திட்டுவது பாதிதான் கேட்டது, அதில் சிலருக்கு நிம்மதி. ஆனாலும் அல்போன்சா பெர்னதெத்துக்குப் போன் போட்டு, "இன்னா மா, எங்க எல்லாரையும் இப்பிடி நடுக்குழியில வுட்டுட்ட? அவன் திருந்திடுவான்ல? சீக்கிரம் திருத்து," என்று கெஞ்சினாள்.

பெர்னதெத்தும் திருத்தத்தான் பார்த்தாள். அவன் மண்டியிட்டு அழுவதாக எழுதினாள். அன்று அறை ஒரு பனைமர ஆழத்துக்குச் சடசடவென்று இறங்கியது. அழித்தாள், நின்றது. குழாய் ஒழுகி பிளம்பர் வந்து திறந்ததாக, நடந்ததை நடந்தபடி எழுதினாள். இதெல்லாம் ஒரு கதையா, ஹீரோயினைக் காப்பாற்ற ஆளே இல்லையா என்று வாசகர்கள் கேலி செய்தார்கள், அறை மேல்நோக்கி அசையக்கூட இல்லை. அடைபட்டவளின் கதவை யார் வந்து திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் இரண்டாம் பாகம் முடியவில்லை, முடியாததால் அறை தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. நிலைப்படியில் நின்று குனிந்து பார்த்தால் கிணற்றடியில்போல ஒரு டியூப்லைட் தெரிந்தது. சுவர்கள் கருங்கல்லாக மாறியிருந்தன. அடியிலிருந்து அனல் வீசியது, வேட்டுமருந்தும் ஈரப்பாறையும் கலந்த வாடை வந்தது. ஏணி எட்டாமல் போனதும் லூர்துமேரி டிபன் கேரியரைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மேலே வந்துவிடு என்று இவள் கத்த, "முடிச்சிட்டு வரேன் மம்மி," என்று கீழேயிருந்து பதில் வரும்.

இந்த இடத்தில் யேசுதாஸ் என்ன செய்தார் என்கிறீர்கள்? சிவாஜிநகருக்குப் போய் ஒரு கனத்த வெண்கல மணி வாங்கி வந்தார். அதை நிலைப்படிக்கு மேலே மாட்டி, கயிற்றின் மறுநுனியை மகளுக்கு இறக்கினார். "எப்ப வரணுமோ அப்ப அடிம்மா. டாடி இங்கயேதான் இருக்கேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பழைய வேலை திரும்பக் கிடைத்தவர்போல முகத்தில் ஒரு தெம்புகூட வந்தது. மழைக்காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தெருவில் ஏறி இறங்கின, மணி அடிக்கவில்லை. அவர் நாற்காலியிலேயே தூங்கினார், அதிலேயே சாப்பிட்டார், காலில் வீக்கம் கண்டது. கீழேயிருந்து வந்த பதில்கள் குறைந்து, முனகலாகி, நின்றுபோயின. டியூப்லைட்டும் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. ஒருநாள் காலையில் டிபன் கேரியர் திறக்காமல் திரும்பி வந்தது, மறுநாளும் அப்படியே. லூர்துமேரி மூடியைத் திறந்து, ஊசிப்போன சோற்றைப் பார்த்துவிட்டு, அதைப் புருஷனின் மடியிலேயே கவிழ்த்தாள்.

"ஏர் பிளாஸ்ட் ஆச்சே, பாறை வெடிச்சி அத்தினி பேரு உள்ள மாட்டினாங்களே, அன்னிக்கி பெல்லு வந்துச்சா?" என்று கேட்டாள். யேசுதாஸ் மணியை அண்ணாந்து பார்த்தார். "சொல்லுங்க, வந்துச்சா? கல்லுக்குள்ள கெடக்கறவன் எந்தக் கையால மணியடிப்பான்? அன்னிக்கி மட்டும் ஆளை எறக்கினீங்கல்ல? ஊரான் புள்ளைக்கி எறக்கினீங்க. எம்பொண்ணு செத்துட்டிருக்கா, நீங்க உக்காந்துனு காது குடுக்கறீங்க!" அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மடியில் சோற்றோடு எழுந்து, வேட்டியை உதறி, "நான் எறங்கறேன்," என்றார்.

அவ்வளவு ஆழத்துக்கு ஆளைத் தாங்கும் கயிற்றுக்கு எங்கே போக? அல்போன்சாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் துணி காயப்போடும் கொடியெல்லாம் சுரங்கத்தின் பழைய கம்பிவடத்தைப் பிரித்துக் கட்டியதுதான். மறுநாள் ரயிலில் லேடீஸ் பெட்டிக்காரிகள் ஆளுக்கொரு கொடியை அவிழ்த்து, சுருட்டி, சாப்பாட்டுப் பையோடு கொண்டுவந்தார்கள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து முறுக்கி இணைத்தார்கள். கோவிந்தப்பாவும் மாடியேறி வந்து, தன் சீலிங்கில் எதுவும் இல்லை என்பதை இன்னொரு முறை சொல்லிவிட்டு, வடத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். தலைப்பில் லூர்துமேரி நின்றாள். யேசுதாஸ் நிலைப்படி மணியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அது எதற்கு என்று கேட்டதற்கு, கையில் ஏதாவது இருக்கட்டும் என்றார். பிறகு, சின்னப்பிள்ளை பள்ளிக்கூட வாசலில் கேட்பதுபோல, "நான் பெல்லு குடுத்தாத்தான் தூக்குவியா?" என்று கேட்டார். "பெல்லும் வேணாம் கில்லும் வேணாம். எனக்குத் தெரியும், போங்க," என்றாள் லூர்துமேரி.

எத்தனையோ பேரை அனுப்பிய இருட்டை அவர் முதல்முறையாகப் பார்த்தார். பயந்தார், பயந்ததைப் பின்னால் எல்லாரிடமும் வெட்கமில்லாமல் சொன்னார். காது அடைத்தது, சட்டை உடம்போடு ஒட்டியது, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அடியில் கால் பட்டபோது அறை இல்லை. பாறையில் ஒரு கதவு இருந்தது. பழுப்பு நிறத்தில் பளபளவென்று, கிறிஸ்டோபரின் பெயர்ப்பலகையோடு. வெளியே பூட்டு தொங்கியது, பூட்டில் ஒரு மஞ்சள் துணிப்பை மாட்டியிருந்தது. பையை அவருக்குத் தெரியும். கல்யாணமான மறுவருஷம் கிறிஸ்துமஸுக்கு, லூர்துமேரி பொரித்துக் கொடுத்த குல்குல் பலகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் அந்த வீட்டுக்குப் போயிருந்தார். பூட்டைப் பார்த்தார், கதவில் காதை வைத்தார், ஒரு சத்தமும் இல்லை. ஆளில்லை என்று பையை மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டில் கேட்டதற்கு, கொடுத்துவிட்டேன் என்றார்.

மணியை அவிழ்த்து அதாலேயே பூட்டை அடித்தார். சுரங்கம் முழுக்க அந்தச் சத்தம் எழும்பி, மேலே ஹாலில் நின்றவர்களின் பல் கூசியது. மணி விரிசல் விட்ட பிறகுதான் பூட்டு விட்டது. உள்ளே பெர்னதெத் கதவோரம் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு வெடித்து, கண் குழி விழுந்து, கையில் போனோடு. கதவு திறந்ததும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி வந்து இருமுனீங்க டாடி. கேட்டுச்சு."

"கூப்டலியேம்மா நீ."

"வாய் வரல டாடி. கூப்டா அவனுக்குத் தெரிஞ்சிடும்னு. நீங்க போற செருப்பு சத்தம் கேட்டுனே இருந்தேன்."

யேசுதாஸ் அவள் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "பூட்டைப் பாத்ததுமே நான் ஒடச்சிருக்கணும். பெல்லு வரலன்னு திரும்பிப் போய்ட்டேன். தப்பு பண்ணிட்டேன், கண்ணு," என்றார். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும், பொய் சொல்லுகிற தெம்பும் அவளிடம் இல்லை. பையை மட்டும் வாங்கிப் பிரித்தாள். குல்குல் அன்றைக்குப் பொரித்ததுபோலவே மொறுமொறுவென்று இருந்தது. இரண்டு பேரும் தின்றார்கள். பிறகு அவள் போனில், கதவை அப்பா வந்து உடைத்தார் என்று ஒரே வரி எழுதி இரண்டாம் பாகத்தை முடித்தாள். அவள் எழுந்து வடத்தைப் பிடித்ததுமே, யாரும் சைகை கொடுக்காமல், லூர்துமேரி இழுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் ரயிலில் அந்த வரியை அல்போன்சா படித்தபோது பங்காருபேட்டையில் எல்லாருக்கும் காது திறந்துகொண்டது, இரைச்சல் தாங்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். மூன்றாம் பாகத்தில் கிறிஸ்டோபர் மாதிரியானவன் வரவேயில்லை. அழகன் எங்கே என்று கேட்ட வாசகர்கள் கோபித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார்கள், லேடீஸ் பெட்டி மட்டும் அவளோடு நின்றது. பெர்னதெத் இன்னமும் பூட்டுச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறாள், சில வாரம் யாரோடும் பேசமாட்டாள். அறை திரும்ப மேலே வரவில்லை. பாறையில் படி செதுக்கி, பல்பு போட்டு, கைப்பிடிக்கு அந்தக் கொடிக்கம்பியையே கட்டியிருக்கிறார்கள். கோவிந்தப்பாவின் சீலிங்கில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. எழுத வேண்டுமென்றால் பெர்னதெத் அங்கேதான் போகிறாள். விரிசல் விட்ட மணியைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டக்கொடுத்து வைத்திருக்கிறாள். அவள் கூப்பிடுவதில்லை. யேசுதாஸ் தேய்ந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு, காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், காபியோடு அவராகவே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.