பதிலாள் இல்லை

சாங்வி மைதானத்தில் பதிவு மேஜையைக் காலை ஒன்பது நாற்பதுக்கு மூடினார்கள்.

மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விஷ்ராந்த்வாடி அணியில் மூன்று பெண்கள் குறைந்தார்கள். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதி. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். பயிற்சியாளர் ஸ்டீபன் சார் கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு மூவரையும் கயிற்றுக்கு வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு அம்ருதாவிடம் வந்தார்.

“எத்தனை பேர் இருக்கோம்?”

“ஏழு, சார்.”

எழுவர் ரக்பிக்கு ஏழு பேர் போதும். ஒருத்திக்கு அடிபட்டால் ஆறு பேர். பதிலாள் இல்லை.

அம்ருதா கேப்டன். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இது கடைசி ஆட்டமாக இருக்கலாம். புனே மாவட்ட இறுதிப் போட்டியில் ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். தோற்கிற அணி வீட்டுக்குப் போகும். நான்கு வருடமாக விஷ்ராந்த்வாடி வீட்டுக்குத்தான் போனது. நான்கு முறையும் எதிரில் நின்றது சிவதுர்க். நான்கு முறையும் அம்ருதா களத்தில் இருந்தாள். ஜனவரியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. ஐந்தாவது முறை என்று ஒன்று இருந்தால் அது இன்றைக்குத்தான்.

சிவதுர்க் பெண்கள் மைதானத்தின் மறுபக்கத்தில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர். எல்லோரும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். பிடித்தால் விடமாட்டார்கள். அவர்களுடைய கேப்டன் ருதுஜா தண்ணீர் பாட்டிலோடு இந்தப் பக்கம் வந்தாள்.

“ஏ அம்ரு, மிச்ச ஆளுங்க எங்கே? பஸ்ஸை விட்டுட்டாங்களா?”

“உங்களுக்கு ஏழே ஜாஸ்தி.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.” ருதுஜா சிரித்தாள். “உன் இட்லி எங்கே? அவகிட்டச் சொல்லி வை, என் பக்கம் ஓடி வர வேண்டாம்னு.”

இட்லி என்றால் ப்ரியம்வதா. அம்ருதாவின் தங்கை. பதினைந்து வயது. இடது ஓரத்தில் ஆடுவாள். புனேயில் அவளைவிட வேகமாக ஓடுகிற பெண்ணை அம்ருதா இதுவரை பார்த்ததில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு ஆட்டத்தில் ப்ரியா தமிழில் ஏதோ கத்தினாள். அன்றிலிருந்து சிவதுர்க்குக்கு அவள் இட்லி. அதன் பிறகு மைதானத்தில் ப்ரியா ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் இந்தி. அக்கா என்றுகூடக் கூப்பிடமாட்டாள். எல்லோரையும் போல அவளும் அம்ரு என்பாள்.

நடுவர் விசில் ஊதினார்.

முதல் இரண்டு நிமிடத்தில் சிவதுர்க் ஏழு புள்ளி எடுத்துவிட்டது. பழைய கதை என்று யாரோ அம்ருதாவின் காதருகே சொன்ன மாதிரி இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் பந்து இடது ஓரத்துக்குப் போனது. ப்ரியா வாங்கினாள். ருதுஜா குறுக்கே வந்தாள். ப்ரியா ஒரு கால் உள்ளே வைத்து வெளியே போனாள். பிறகு அவளைப் பிடிக்க ஆள் இல்லை. கோட்டைத் தாண்டி, குனிந்து, பந்தைத் தரையில் அழுத்தினாள். அதுதான் ட்ரை. ஐந்து புள்ளி. கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் எழுந்து குதித்தார்கள்.

“இட்லி ஓடிப் போச்சு பார்!” என்று ருதுஜாவைப் பார்த்துக் கத்தினாள் சோனியா. ட்ரைக்குப் பிறகு கூடுதல் இரண்டு புள்ளிக்காகக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பவள் அவள்தான். இந்த முறை உதை தவறியது.

ஏழுக்கு ஐந்து. முதல் பாதி முடிய அரை நிமிடம்.

மறுபடியும் பந்து ப்ரியாவிடம் போனது. இந்த முறை ருதுஜா காத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கவில்லை, தப்பாக எதுவும் செய்யவில்லை. முறையாகப் பிடித்து முறையாகச் சாய்த்தாள். காலையில் வந்த தண்ணீர் லாரி மைதானத்தின் அந்த ஓரத்துக்கு வரவில்லை. மண் இறுகிக் கிடந்தது. ப்ரியாவின் தலை அதில் மோதிய சத்தம் நடுவில் நின்ற அம்ருதாவுக்குக் கேட்டது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ப்ரியா தானாகவே எழுந்தாள். நின்றாள். கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

இடைவேளை இரண்டே நிமிடம். போட்டிக்கென்று அமர்த்தியிருந்த டாக்டர் வைஷாலி ஓடி வந்தாள். படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ப்ரியாவைக் கூடாரத்து நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணில் விளக்கடித்தாள். விரலைப் பிடிக்கச் சொன்னாள். பிறகு இந்தியில் கேட்டாள்.

“இது எந்த மைதானம், பேட்டா?”

ப்ரியா அவளைப் பார்த்தாள். தெரியாத பாஷையில் யாரோ பேசுவதைக் கேட்கிற முகம். திரும்பி அம்ருதாவைப் பார்த்தாள்.

“அக்கா, வேன் போயிடுத்தா?”

அம்ருதாவின் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகினாள். திரும்பத் திருகினாள்.

“என்ன சொல்றா?” என்றாள் வைஷாலி.

கூடாரத்தில் ஸ்டீபன் சார் இருந்தார். சோனியா இருந்தாள். துணை நடுவர் இருந்தார். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

“சாங்வி மைதானம்னு சொல்றா” என்றாள் அம்ருதா.

“இப்ப எந்தப் பாதி?”

“லேட்டாப் போனா மிஸ் வெளில நிக்க வெப்பா” என்றாள் ப்ரியா.

“முதல் பாதி முடிஞ்சிடுச்சு, ரெண்டாவது ஆரம்பிக்கணும்கிறா.”

“கடைசியா ட்ரை போட்டது யாரு?”

ப்ரியா கூடாரத்தின் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்ருதா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். “ப்ரியா, கேக்கறா பார். யார் ட்ரை போட்டா?”

“நேக்குத் தூக்கமா வரது.”

“தான்தான்னு சொல்றா.” அம்ருதாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது, எங்கிருந்தோ. “அதுல ரொம்பப் பெருமை, மேடம்.”

வைஷாலி சிரிக்கவில்லை. “ஏன் இந்தியில பேசமாட்டேங்கிறா?”

“டென்ஷனானா அவளுக்குத் தமிழ்தான் வரும்.”

ஸ்டீபன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தார். பிறகு அம்ருதாவிடம் சொன்னார்: “உன் தங்கச்சி. உனக்குத்தான் தெரியும். சரியில்லைன்னா சொல்லு, ஆறு பேரா ஆடுவோம். தோத்தா தோத்துட்டுப் போறோம்.”

அவர் மனதாரத்தான் சொன்னார். அது அம்ருதாவுக்குத் தெரிந்தது. ஆறு பேராக ஆடினால் எத்தனை புள்ளியில் தோற்போம் என்பதும் தெரிந்தது. மறுபக்கத்தில் ருதுஜா காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் உரித்தாள்.

“ஆடுவா, சார்.”

“தலை வலிச்சா, வாந்தி வந்தா, உடனே கையைத் தூக்கணும்” என்றாள் வைஷாலி ப்ரியாவிடம். “புரிஞ்சுதா?” ப்ரியா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் போதுமானதாக இருந்தது.

இன்னும் ஏழு நிமிடம். அவளிடம் பந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அம்ருதா கணக்குப் போட்டாள். கையைப் பிடித்து இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இங்கயே நில்லு. எங்கயும் போகாதே. நான் வந்து அழைச்சுண்டு போறேன்.”

“சரிக்கா.”

ப்ரியா அங்கேயே நின்றாள். சொன்ன இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. இரண்டாவது நிமிடத்தில் சிவதுர்க் பெண் ஒருத்தி பந்தோடு அவளுக்கு மூன்றடி தள்ளி ஓடினாள். ப்ரியா அவள் போவதைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து.

“ஏய் ப்ரியா, செத்துட்டியா?” என்று சோனியா கத்தினாள்.

“அவளைத் திட்டாதே!” அம்ருதா போட்ட சத்தத்தில் சோனியா வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அம்ருதா யாருக்கும் பந்து கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து நேராக மோதினாள். விழுந்தாள். எழுந்தாள். உதடு கிழிந்தது. நான்காவது நிமிடத்தில் இரண்டு பேரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே கோட்டின் மேல் விழுந்தாள். சோனியா கம்பங்களுக்கு நடுவே உதைத்தாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

நான்கு வருடத்தில் முதல் முறையாக ருதுஜா தன் பெண்களைத் திட்டுவதை அம்ருதா கேட்டாள்.

கடைசி நிமிடம். நடுவர் கையை உயர்த்தி இதுதான் கடைசி என்று காட்டினார். சமனில் நின்றால் கூடுதல் நேரம். யாராவது புள்ளி எடுக்கும்வரை. அம்ருதா இடது ஓரத்தைப் பார்த்தாள். ப்ரியா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கை தொடையைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரம் நிற்பாள்?

பந்து அம்ருதாவிடம் வந்தது. எதிரில் ருதுஜா. அவளுக்குப் பின்னால் வெட்டவெளி. இடப்பக்கம் ப்ரியா மட்டும். ப்ரியாவுக்கு எதிரே ஒருவரும் இல்லை. நிற்கிற பெண்ணைக் காவல் காக்க வேண்டாம் என்று சிவதுர்க் எப்போதோ முடிவு செய்திருந்தது.

கொடுத்தால் முடிந்துவிடும். முடிந்தால் அவளை நிழலில் படுக்க வைக்கலாம். அம்ருதா அப்படித்தான் நினைத்தாள். பிறகு எத்தனை முறை யோசித்தபோதும், அப்படித்தான் நினைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ப்ரியா! ஓடு!”

பந்து போனது. கைகள் அதை வாங்கின. கால்கள் ஓடின. தலைக்கு என்ன ஆகியிருந்தாலும் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது மீட்டர். ருதுஜா திரும்பித் துரத்தினாள், பத்து மீட்டர் பின்னால். ப்ரியா கோட்டைத் தாண்டினாள்.

தாண்டி நின்றாள்.

பந்தைக் கீழே வைக்க வேண்டும். தரையில் அழுத்தினால்தான் புள்ளி. கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஒன்றுமில்லை. ப்ரியா பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி அக்காவைத் தேடினாள்.

“கீழ வை! ப்ரியா, கீழ வை!”

ப்ரியாவுக்கு அம்ருதா தென்பட்டாள் போலிருக்கிறது. முகம் தெளிந்தது.

ருதுஜா முழு வேகத்தில் வந்திருந்தாள். நிற்க முடியவில்லை. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். பந்து ப்ரியாவின் மார்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது.

நடுவர் கையைத் தூக்கி நீளமாக ஊதினார். பதினேழுக்குப் பன்னிரண்டு. சோனியா அம்ருதாவின் முதுகில் தாவி ஏறினாள். அம்ருதா அவளை உதறிவிட்டு ஓடினாள்.

ருதுஜா எழுந்துவிட்டாள். ப்ரியா எழவில்லை. ருதுஜா இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளுவது போலச் செய்துகொண்டு நடுவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அவ நின்னுக்கிட்டிருந்தா. சார், சும்மா நின்னுக்கிட்டிருந்தா. ஏன் நின்னா? யாராவது அப்படி நிப்பாங்களா?”



ஆம்புலன்ஸ் ஆற்றோரச் சாலையில் திரும்பியது. ப்ரியாவின் கழுத்தில் பட்டை கட்டியிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. ஒரு கண்மணி பெரிதாக இருந்தது, இன்னொன்று சிறிதாக. அம்ருதா அவள் காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தமிழில் கூப்பிட்டாள். வீட்டில் கூப்பிடுகிற எல்லாப் பெயர்களையும் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு ஸ்டீபன் சார் போன் செய்துவிட்டார். ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாராம்.

வைஷாலி மருத்துவமனையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வயது, மோதிய நேரம், நாடித்துடிப்பு. மறுமுனையில் யாரோ கேள்வி கேட்டார்கள். “ஆமா, முன்னாடியும் ஒரு தடவை. இடைவேளைக்கு முன்னால. இல்ல, நான் பார்த்தேன், எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான்…” அவள் நிறுத்தினாள்.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். அம்ருதாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அவங்களுக்குத் தெரிஞ்சாகணும், அம்ருதா. அதை வெச்சுத்தான் முடிவெடுப்பாங்க. கூடாரத்துல நான் கேட்டப்ப அவ உண்மையில என்ன சொன்னா?”