சுனைக்காரர்கள் கேட்காத கேள்வி

ஒரு காட்டுமிராண்டிக் கூட்டத்தை உருவாக்குவது சுலபம் என்றுதான் பூவரசன் நினைத்தான். ஆளுக்கொரு கோடாரி, இடுப்பில் ஒரு தோல், கழுத்தில் பல் மாலை, பச்சை மாமிசம், பாதிப் பேச்சு. அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டான். விழுப்புரத்தில் பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர் அவன். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே பூவைப் போட்டு அனுப்புகிறவனுக்குக் காட்டுமிராண்டி எம்மாத்திரம்?

அவன் செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. திரையைப் பார்த்து ஆடுவதில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இப்போது இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்ததா, சறுக்கியதா என்று பகடை சொல்லும். வருடக்கணக்காக அதற்கென்று ஓர் உலகத்தையே எழுதியிருந்தான். கடையில் வெட்டிப்போட்ட பிளெக்ஸில் மலையும் ஆறும் கோட்டையுமாக வரைபடம்கூட அச்சடித்துவிட்டான். ஆடத்தான் ஆள் இல்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. பெற்றோர் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டு நிலத்தோடு கிடந்தார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவிடும் வயதில், வாடா பகடை உருட்டலாம் என்றால் யார் வருவார்கள்? சில ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வேடத்தையும் இவனே எடுத்துக்கொண்டு, குரலை மாற்றி மாற்றிப் பேசி ஆடியிருக்கிறான். "விருந்தாளிங்க வந்துக்கிறாங்களா தம்பி?" என்று கீழ்வீட்டு அம்மாள் கேட்ட அன்றோடு அதையும் விட்டுவிட்டான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு இணையத்தில் ஓர் அறிவிப்புப் போட்டான். இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் பாண்டுரங்கன், திண்டிவனத்தில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். எதிரில் எது வந்தாலும் வெட்டவேண்டும் அவருக்கு. இன்னொருத்தி ஜெசிந்தா. திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஊர் ஒலக்கூர்ப் பக்கம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடை மாடியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

பூவரசன் எழுதிய காட்டுமிராண்டிகளை ஜெசிந்தா படித்தாள். படித்துவிட்டு, "இவங்கள்ல ஒருத்தர் செத்துட்டா யாருங்க தூக்குவாங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எழுதலீங்க."

"காட்டுமிராண்டின்னு பேர் வச்சது யாரு?"

"கோட்டைக்காரங்க."

"அப்ப இது கோட்டைக்காரங்க சொல்ற கதை. இவங்களக் கேட்டா வேற சொல்லுவாங்க இல்ல?"

சுருக்கென்றது பூவரசனுக்கு. ஆனால் அவன் எழுதியதை ஒருத்தர் உட்கார்ந்து படித்து, கேள்வியும் கேட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கே எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். மலையுச்சியில் பாறைக்குழியில் வற்றாத சுனை. அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் சுனைக்காரர்கள். செத்தவரைத் தூக்குவது அவரோடு கடைசியாகச் சண்டை போட்டவர். கேப்பைக் கூழ் ஒரே சட்டியில். கோடாரியைப் பாண்டுரங்கனுக்காக விட்டுவைத்தார்கள்.

சட்டம் என்று சுனைக்காரர்களுக்கு ஒன்றுதான் உண்டு. அது ஜெசிந்தா வைத்தது. மலையேறி வந்தவனுக்குத் தண்ணீர் கொடு, கூழ் கொடு, படுக்க இடம் கொடு. நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்காதே. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள். கொலையைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள்.

பாண்டுரங்கன் முதல் ஆட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். சுனையோரம் உட்கார்ந்திருந்த கிழவனிடம், பழக்கதோஷத்தில், "பெரியவரே, நமக்கு எந்த ஊரு?" என்றார். மலையே எழுந்து நின்று அவரைத் துரத்தியது. "நல்லாத்தானம்மா கேட்டேன். இது பேஜாரு புடிச்ச மலையா இருக்குதே" என்று அவர் புலம்ப, மூவரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது பூவரசன்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற நாட்கள் நகர்ந்தன. மற்றவர்களின் கல்யாண பேனருக்கு மாலை போட்டுக்கொண்டே, மலையில் அடுத்து என்ன நடக்கும் என்று யோசிப்பான். ஜெசிந்தா பாண்டுரங்கனை வாய்க்கு வாய் அண்ணா என்பாள். பூவரசனை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனக்கோட்டை கட்டத் தொடங்கினான். தனியாகக் கிடக்கிறவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

வாரம் தவறாமல் கல்யாணப் பேச்சு எடுக்கிற அம்மா தையல்நாயகியிடம், ஒரு நாள் போனில் வாயை விட்டுவிட்டான். "ஒரு பொண்ணு இருக்குதும்மா. நல்லாப் பேசுது."

அந்தப் பக்கம் சந்தோஷம்தான். ஆனால் பெண் சிவப்பா கறுப்பா, என்ன படித்திருக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம். "யாரு வூட்டுப் பொண்ணுடா?"

"ஜெசிந்தான்னு பேரு."

"வேதக்காரங்களா? அதுலயும் எல்லாரும்தான் இருக்கிறாங்க. எந்தத் தெருன்னு கேட்டுக்கினு அப்பறமா பேசு."

நான் கேட்கமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தான். அதற்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. ஊரையும் காலனியையும் பிரிக்கிற கோடு எங்காவது ஓரிடத்தில் ஓடும். ஒரு ரேஷன் கடையாக இருக்கும், ஒரு தெரு வளைவாக இருக்கும், ஒரு தண்ணீர் டேங்காக இருக்கும். அதைத் தொட்டுக் கேட்டால் கேட்ட மாதிரியும் இருக்காது, தெரிந்துகொண்ட மாதிரியும் ஆகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன் டீ சொல்லக் கீழே இறங்கினார். பூவரசன் வரைபடத்தை நீவிவிட்டபடி, "உங்க ஊர்ல உங்க வூடு எங்கங்க? தண்ணி டேங்குக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?" என்றான்.

ஜெசிந்தா கையிலிருந்த பகடையை உருட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. பல தடவை பார்த்த ஒன்றைத் திரும்பவும் பார்க்கிற அலுப்புத்தான் அந்தப் பார்வையில் இருந்தது.

"அந்தாண்டைங்க. காலனி. எங்கப்பா இன்னும் கூலி வேலைக்குத்தான் போறாரு."

"ஐயோ, நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லீங்க."

"பாக்காதவங்களுக்கு டேங்கு எதுக்குங்க?"

டீ வந்தது. ஜெசிந்தா குடித்தாள். ஆட்டம் முடியும்வரை இருந்து, தன் முறை வந்தபோதெல்லாம் ஆடி, வழக்கம்போல் வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பூவரசன் அதை நம்பினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் ஊதி முடித்த உடனே ஒன்றும் புரிந்திருக்காது.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"சுனைக்காரங்க மலைய விட்டுப் போயிட்டாங்கன்னு கதையில வச்சுக்குங்க" என்றாள் ஜெசிந்தா. "வேற யாரையும் அங்க குடி வெக்காதீங்க."

"தப்புதாங்க. தெரியாமக் கேட்டுட்டேன். எங்கம்மாதான்..."

"என்னை டியூட்டில கேக்கறாங்க. வூடு தேடிப் போனா கேக்கறாங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கேக்கறாங்க. ஒவ்வொரு வாட்டியும் இன்னா சொல்லலாம்னு யோசிக்கணும். அந்த மாடில மட்டுந்தான் யோசிக்காம உக்காந்துக்கினு இருந்தேன். உங்க கதை நல்லா இருந்திச்சுங்க. வெச்சிடறேன்."

அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் தைரியம் தனக்கு இருந்ததா என்று பூவரசனுக்குத் தெரியவில்லை. அது தெரிவதற்கு முன்பே கேட்டுவிட்டான். அறையில் உட்கார்ந்து அழுதான். கூப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. இருந்த ஒருத்தியிடம்தான் கேட்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன் மட்டும் வந்தார். பாப்பா வரலியா என்றார். வரமாட்டாங்க என்றான். அவர் பகடையை எடுத்தார்.

"சரி, நான் மலை ஏறறேன். சுனைகிட்ட வந்துட்டேன். யார் யாரு இருக்கிறாங்க?"

"யாரும் இல்லண்ணே."

"இன்னாய்யா இது? கோட்டைக்காரன் வந்து வெட்டிப்புட்டானா?"

வெட்டினான் என்று சொல்லியிருந்தால் ஆட்டம் சூடு பிடித்திருக்கும். பாண்டுரங்கன் கோடாரியோடு கோட்டைக்குக் கிளம்பியிருப்பார். பூவரசனால் சொல்ல முடியவில்லை.

"இல்லண்ணே. யாரும் வெட்டல. நான் ஒரு கேள்வி கேட்டேன். போயிட்டாங்க."

பாண்டுரங்கன் காலி நாற்காலியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். என்ன கேள்வி என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.